குக்கரஹள்ளி கெரெயும் ஒரு கூழைக்கடாவும்

மைசூருக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அங்கே ஏரியில் பார்த்த அந்தக் கூழைக்கடாவை, அதாவது பெலிகன் பறவையைப் பற்றிச் சொல்லாமல் கை நகர மாட்டேன் என்கிறது.

சரி, முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் வழியாகப் போன பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் லென்ஸ் பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டே போனேன். தூரத்துப் பறவைகளை எடுக்கும் 150-600 மி.மீ. ஜூம், வாடகை லென்ஸ், நாளுக்கு 900 ரூபாய். உடைந்தால் ஊருக்கே திரும்ப முடியாது. மறுநாள் விடியற்காலை, மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு ஆட்டோக்காரர் 200 கேட்டார். மீட்டர் இருக்கிறதே என்றேன். இருட்டில் அது ஓடாதாம்! 150 கொடுத்துத் தொலைத்தேன்.

குக்கரஹள்ளி கெரெயை (கெரெ என்றால் கன்னடத்தில் ஏரி) பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. 1864இல் மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் பாசனத்துக்காக உருவாக்கியது. பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, ஊருக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் பச்சை, ஓரத்தில் கொஞ்சம் நாற்றம். பறவைகள் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. பட்டுப்போன மரத்தில் பாம்பு மாதிரி நீண்ட கழுத்துள்ள பாம்புத்தாரா பறவை ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் இறகில் தண்ணீர் ஒட்டும், அதனால் முங்கி எழுந்தால் வெயிலில் உட்கார்ந்தாக வேண்டும். நமக்கு வசதி, அசையாமல் போஸ் கொடுக்கும்.

அப்போது தலைக்கு மேலே வாயில் சுள்ளியோடு ஒரு கூழைக்கடா. ஏரி நடுவே உள்ள தீவில் கூடு கட்டுகிறது. படபடவென்று இருபது கிளிக். திரையில் பார்த்தால் வெறும் சாம்பல் தீற்றல்! முந்தின நாள் இரவு தேவராஜ மார்க்கெட்டில் குங்குமக் குவியல்களைப் படமெடுக்க வைத்த 1/60 வினாடி ஷட்டர் வேகம் அப்படியே இருந்திருக்கிறது. பறக்கும் பறவைக்கு அது ரொம்ப மெதுவு. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஹெஜ்ஜார்லே, மத்தே பருத்தே" என்றார். ஹெஜ்ஜார்லே என்றால் கன்னடத்தில் கூழைக்கடா. திரும்ப வருமாம். ஷட்டர் வேகத்தை 1/2000 வைத்துக்கொண்டு, வெயில் முதுகில் படும்படி நகர்ந்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். வந்தது. கழுத்தை மடித்து, கால் இரண்டையும் முன்னால் நீட்டி, தண்ணீரில் சறுக்கியபடியே இறங்கியது. அலகுக்கடியில் தொங்கும் பையில் வெயில் பட்டு நரம்பு நரம்பாகத் தெரிகிறது படத்தில். மூன்று நாட்களாக அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த உற்சாகத்தில் மைசூரிலேயே இருக்கும் காரஞ்சி ஏரிக்கு ஓடினால் கதவு பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்க்காமல் போனது என் தப்பு. பக்கத்திலேயே நஜர்பாத்தில் மைலாரி தோசை இருந்ததால் பிழைத்தேன். மொறுமொறுப்பே கிடையாது, பஞ்சு மாதிரி, மேலே வெண்ணெய் உருகி வழிகிறது. ஒன்றோடு நிறுத்தப் பார்த்தேன், மூன்று ஆகிவிட்டது.

செலவுக் கணக்கா? குக்கரஹள்ளியில் என்னிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. லென்ஸ் வாடகைதான் பர்ஸைக் காலி செய்தது. திரும்பும்போது ஆட்டோ பக்கமே போகவில்லை, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தேன்.