மலை வெட்டுப்பட்ட இடங்களில்

நீலகிரியில் மலையைப் படமெடுப்பவர்களுக்குக் குறைவில்லை. பாறையைப் படமெடுப்பவர்கள்தான் அரிது. பாறை லேசில் கண்ணில் படாததுதான் காரணம். மேலே தேயிலை, புல்வெளி, சோலை, யூகலிப்டஸ். அதற்கு அடியில் பல இடங்களில் பத்து மீட்டரையும் தாண்டிப் போகும் மண். நிலவியல் படிப்பவர்களுக்காகவும் சொல்லிக்கொடுப்பவர்களுக்காகவும் இந்த மலையைப் படமெடுப்பது என் வேலை. அதனால் காட்சி முனைகளைவிட மலை வெட்டுப்பட்ட இடங்களைத்தான் அதிகம் தேடிப் போகிறேன். அகலப்படுத்திய சாலையின் ஓரம், ரயில் பாதைக்காகக் குடைந்த சுவர், வீடு கட்ட மண் எடுத்த கொல்லைப்புறம், மழையில் சரிந்த வடு. மலை தன் உள்ளே இருப்பதைக் காட்டுவது அங்கெல்லாம்தான்.

இந்த மலையின் பெரும்பகுதி சார்னோகைட். சென்னையில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் அதே வகைப் பாறை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியாழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. புதிதாக உடைந்த முகத்தில் கருஞ்சாம்பல் நிறம், மேலே ஓர் எண்ணெய்ப் பளபளப்பு, சில இடங்களில் நடுநடுவே சிவப்புக் கார்னெட் மணிகள். மழையும் காற்றும் பட்ட பக்கமோ பழுப்பேறிச் சொரசொரவென்று இருக்கும். இரண்டு முகங்களும் ஒரே படத்தில் வந்தால்தான் பார்ப்பவருக்குப் பாறையைப் பற்றி ஏதாவது தெரியும். நேர் வெயிலில் எடுத்தால் பளபளப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சுற்றுலா வருகிறவர்கள் திட்டும் மேகமூட்டம் எனக்கு நல்ல வேலை நேரம். வெயில் இருந்தால் குடை பிடித்து நிழல் உண்டாக்கிக்கொள்வேன். நிழலில் படத்தில் நீலம் ஏறிவிடும் என்பதால், முதல் படத்தில் கல்லுக்குப் பக்கத்தில் நிறத்தைப் பின்னால் சரிசெய்ய ஒரு சாம்பல் அட்டை கட்டாயம் இருக்கும். அழகுக்காகச் செம்மண்ணின் சிவப்பைக் கூட்டுவது எனக்குப் பிடிக்காது. பாறை எவ்வளவு மக்கியிருக்கிறது என்று கணிக்க அந்த நிறமும் ஒரு தடயம். அதை மாற்றினால் படத்தை நம்பிப் படிக்கிறவரை ஏமாற்றியதாகிவிடும்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையோரத்தில் புதிதாக வெட்டிய ஒரு சுவரைப் பார்த்தால் இந்த மலையின் கதை பாதி புரிந்துவிடும். உச்சியில் வேர்களும் கரிய மண்ணும். அதற்குக் கீழே செங்களிமண். அப்புறம் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக ஒரு பகுதி. இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம். பாறையின் வரிகளும் விரிசல்களும் அதில் அப்படியே தெரியும், தொட்டால் உதிரும். பாறை மாதிரி இருக்கும் மண் அது. இதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? ஒரு நீள ஆணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாதி இறக்கி, விரல் இன்னும் ஆணியின் தலையில் இருக்கும்போதே எடுப்பேன். சுத்தியல் இல்லாமல் ஆணி இறங்குகிறது என்பதைப் பார்த்தாலே, அது எவ்வளவு மக்கிப்போனது என்று யாருக்கும் விளங்கும்.

அந்த மண்ணுக்குள்ளேயே பெரிய பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து நிற்கும். விரிசல் வழியாக இறங்கும் நீர் பாறைக் கட்டிகளின் மூலைகளை முதலில் தின்றுவிடுவதால் அவை உருண்டையாகின்றன. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்து, நடுவில் கெட்டியான கல் மட்டும் மிஞ்சும். மழை விடாமல் பெய்யும்போது தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அடிப்பாறையைத் தாண்ட முடியாமல் அதன் மேலேயே தேங்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. சரிவின் அடியைச் சாலைக்காகவோ வீட்டுக்காகவோ ஏற்கெனவே வெட்டியிருந்தால் தாங்க எதுவும் இல்லை. மண் சரிந்துவிடும். 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின்போது நீலகிரியில் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெட்டுச்சுவர் ஒவ்வொன்றின் முன்னால் நிற்கும்போதும் இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

சரிவைப் படமெடுப்பதில் கோணம்தான் எல்லாம். கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் செங்குத்தான சரிவும் படுத்துவிடும். மேலிருந்து எடுத்தால் தட்டையாகிவிடும். பக்கவாட்டில், முடிந்தால் எதிர் மலையிலிருந்து, நீள லென்ஸில், கேமராவை மட்டம் பார்த்து எடுத்தால்தான் சாய்வை அளக்க முடியும். அளவுக்கு ஏதாவது ஒன்றும் வேண்டும். சிறிய கல் என்றால் அளவுகோல், பெரிய சுவர் என்றால் ஓர் ஆள். தேதி, திசை, இடம் மூன்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது.

இதற்கு நேர் எதிரான வேலை வடக்குப் பக்கத்தில். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் மழை மறைவுப் பகுதி வந்துவிடும். சீகூர் பீடபூமியில் முள்காடு, வெயில், வெளியே தெரியும் பாறை. வண்டியை விட்டு இறங்கிச் சுற்ற முடியாது. யானை நடமாடும் இடம், வனத்துறைக் கட்டுப்பாடும் உண்டு. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் நீலகிரியின் வடக்கு முகம் சுவராக எழுந்து நிற்கும். கோத்தகிரிப் பக்கம் கோடநாட்டிலிருந்து பார்த்தால் மாயாற்றுப் பள்ளத்தாக்கும், தூரத்தில் பவானிசாகர் நீரும், ரங்கசாமித் தூண் என்று தனித்து நிற்கும் பாறையும் தெரியும். மாயாறு ஓடும் கோடு, பூமியின் ஓடே பழங்காலத்தில் நசுங்கி நகர்ந்த ஒரு பெரும் பட்டையின் மேல் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு தெளிவாக வரும். சமவெளியின் புழுக்கம் மேலேறியதும் எல்லாம் வெளுத்துவிடும்.

ஆனாலும் எனக்கு அவசரமெல்லாம் வெட்டுச்சுவர்களில்தான். ரங்கசாமித் தூண் எங்கும் போகாது. வெட்டுச்சுவரை இரண்டு மழையில் செடி மூடிவிடும், அல்லது சிமென்ட் தடுப்புச் சுவர் வந்துவிடும். தடுப்புச் சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எழும்புவதற்கு முன்னால் உள்ளே என்ன இருந்தது என்பதற்கு ஒரு படமாவது இருக்க வேண்டும் என்கிறேன். அடுத்த முறை அங்கே விரிசல் விட்டால் பொறியாளர் தேடப்போவது அதைத்தான்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வடுவொன்றை எடுத்துக்கொண்டிருந்தபோது, இலை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கூடையோடு வந்து நின்றார். "கல்லை எடுக்கிறீங்களே தம்பி, அந்த மரத்தை எடுத்தீங்களா? போன மழைக்கு முன்னாடி நேரா நின்னுச்சு" என்றார். சில்வர் ஓக் மரம். அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் மண் நெடுங்காலமாக மெதுவாக நகர்கிறது என்று அர்த்தம். இது அடியிலிருந்து நுனிவரை ஒரே நேராக, மொத்தமாகச் சாய்ந்திருந்தது. அப்படியென்றால் அசைவு புதிது. "ஊத்துத் தண்ணியும் கலங்கி வருதுங்க" என்று கூட்டிப் போய்க் காட்டினார். அதுவும் நல்ல அறிகுறி இல்லை. மேலே இரண்டு வீடுகள், ஒன்று அவருடையது.

மரம் முழுதாகத் தெரியும்படி பாதையோரக் கல் ஒன்றில் பெயின்ட் அடையாளம் வைத்து, மாதாமாதம் அதே கல்லின்மேல் போனை வைத்து எடுக்கச் சொல்லி அவர் மகனுக்குக் காட்டினேன். தவறாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். வரிசையாக வைத்துப் பார்த்தால், பின்னால் இருக்கும் மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வருவது கண்ணுக்கே தெரிகிறது. அந்தப் படங்களைத் தேதியோடு அச்செடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்திருக்கிறோம். மழை பிடிப்பதற்குள் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார்.