திகதி வரும்வரை

ஜூலை 24, 2025 வியாழன்

மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தம். அம்மா விடிய முன்னமே போய்விட்டா. குளத்துப் படியில் யாராவது முட்டிவிட்டால் உள்ள காலும் போய்விடும் என்று என்னை வீட்டில் விட்டாச்சு. நேர்த்தி வைத்திருக்கிறாவாம். என்ன நேர்த்தி என்று கேட்கவில்லை. கால் சுகமாக வேண்டும் என்றும் இருக்கலாம், நான் உதைபந்தை விட வேண்டும் என்றும் இருக்கலாம்.

கச்சான் காற்று நெருப்பாக வீசுகிறது. பகல் முழுக்க முழங்காலுக்கு ஐஸ் வைத்தேன்.

ஜூலை 25

வீக்கம் அப்படியே.

ஜூலை 27, ஞாயிறு, நடு இரவு

பெண்கள் யூரோ உதைபந்து இறுதியாட்டம். எங்கள் நேரம் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கியது. தம்பியின் போனில் பார்த்தோம். ஸ்பெயினுக்கு மரியோனா, இங்கிலாந்துக்கு அலெசியா ருசோ. இரண்டு கோலும் தலையால். கடைசியில் பெனால்டியில் இங்கிலாந்து 3-1.

இங்கிலாந்தின் லூசி புரொன்ஸ் இந்தப் போட்டித் தொடர் முழுக்கக் கணைக்கால் எலும்பு வெடித்த காலோடு விளையாடியதாக ஆட்டம் முடிந்தபிறகு செய்தி வந்தது. "பார் அக்கா, எலும்பு வெடிச்சும் ஓடுறா" என்றான் தம்பி. எனக்கு வந்த கோபத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். எலும்பு ஒட்டும். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கிற நார், ஏ.சி.எல்., அறுந்தால் அப்படித் தானாக ஒட்டாது. இதை இந்த வீட்டில் எத்தனை பேருக்குச் சொல்வது.

ஆனால் இங்கிலாந்தின் அந்த மிஷெல் ஆகிமாங். 19 வயது. காலிறுதியிலும் அரையிறுதியிலும் கடைசி நேரத்தில் இறங்கி, தோற்கப்போன ஆட்டத்தைச் சமப்படுத்தியவள். 2021 இல் வெம்ப்லியில் கோட்டுக்கு வெளியே நின்று பந்து எடுத்துக் கொடுத்த பிள்ளை. நித்திரை வரவில்லை.

ஜூலை 30, புதன்

கிளினிக். காலை ஆறுக்குப் போய் நம்பர் எடுத்து, பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டொக்டர். கறுப்பு நாடாவாகத் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் கலங்கல். எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கிற சவ்வு பெரிதாகக் கிழியவில்லை, அது நல்லது என்றார். "பேரைப் போட்டாச்சு தங்கச்சி. திகதி வந்தால் போன் பண்ணுவம்."

எப்போது என்று கேட்டேன். லிஸ்ட் நீளம் என்றார்.

அம்மா திரும்பி வரும்போது ஓட்டோவில் முறிவு நெரிவு வைத்தியர் கதையை மறுபடி எடுத்தா. எண்ணெய் போட்டுக் கட்டினால் சரியாகிவிடுமாம். நான் வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆகஸ்ட் 3

தென் அமெரிக்கக் கிண்ணமான கோப்பா அமெரிக்காவின் இறுதியில் பிரேசிலின் மார்ட்டா! 39 வயதில் பெஞ்சிலிருந்து எழும்பி, ஆட்டம் முடியும் நேரத்தில் சமன் கோல், மேலதிக நேரத்தில் இன்னொன்று. கொலம்பியாவோடு 4-4. பெனால்டியில் அவளுடைய அடி தவறியது, இருந்தும் பிரேசில் வென்றது. 39! எனக்கு வயதெல்லை என்கிறார்களே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பந்து பழக்குகிற சேர் வந்தார். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை மழை, வெட்டு, நெல் விலை என்று அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பா வெளியே போனதும் குரலைத் தணித்து, "கொழும்பில இருந்து கேட்டவங்க புள்ள" என்றார். படை அணிக்காரர்கள். முழங்கால் கதை அவர்களுக்கு இன்னும் தெரியாது. "ஒப்பரேஷன் முடியட்டும், மறுகா பேசுவம்."

இந்த நாட்டில் ஒரு பெண் பந்தடித்து மாதச் சம்பளம் எடுக்க வேண்டுமென்றால் இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளை விட்டால் வேறு வழி இல்லை என்றே சொல்லலாம். மற்றக் கழகங்களில் பஸ் காசும் சாப்பாடும் கிடைத்தால் பெரிய விஷயம். 2023 இல் ஃபிஃபா இலங்கைக்குத் தடை போட்ட மாதங்களில் அதுவும் இல்லை. நான் ஃபோர்வர்ட். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கோல் அடிப்பது. அந்த வேலைக்குச் சம்பளம் தருகிற இடம் அது ஒன்றுதான்.

வீட்டில் பெரிய மாமாவின் படம் சுவரில் இருக்கிறது. அம்மம்மா ஒவ்வொரு வெள்ளியும் பூ வைக்கிறா. அந்தப் படத்துக்குக் கீழே நின்று இந்தக் கதையை எப்படித் தொடங்குவது? அப்பாவிடம் சொல்லலாம், அப்பா பேசாமல் இருப்பார். அம்மம்மாவிடம் சொல்ல முடியாது.

பாலா தேவி நினைவுக்கு வருகிறாள். மணிப்பூர்ப் பெண், வேலை பொலிஸில். 2020 இல் ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்துக்குப் போனாள். ஐரோப்பாவில் தொழில்முறையாக விளையாடிய முதல் இந்தியப் பெண். அந்த வருடம் டிசம்பரில் மதர்வெல்லுக்கு எதிராக முதல் கோல். மணிப்பூரிலும் துவக்குச் சத்தம் கேட்டுத்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவளுடைய வீட்டுச் சுவரில் யாருடைய படம் இருந்ததோ, அவளுடைய அம்மா என்ன சொன்னாவோ. யாரும் அதைக் கேட்டு எழுதவில்லை, கோலைத்தான் எழுதுகிறார்கள்.

இதெல்லாம் சரியாகி நான் போனாலும், மெடிக்கலில் சட்டை மாற்றும்போது முழங்கால் தழும்பைப் பார்ப்பார்கள். அப்போது?

ஆகஸ்ட் 13

தழும்பு எவ்வளவு நீளம் வரும் என்று தேடிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பிசியோ மிஸ் நாடாவால் இரண்டு தொடையையும் அளந்தா. இடது மெலிந்துவிட்டது. ஒப்பரேஷனுக்கு முன் தசையை ஏற்றினால்தான் பிறகு சுகம் என்கிறா. முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, காலால் அதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வியர்க்க வியர்க்க அழுத்தினேன். பிறகு முழங்காலுக்கு மேலே, உள்பக்கமாக, தோலுக்கடியில் வலையில் அகப்பட்ட மீன்குஞ்சுபோல் ஒரு துடிப்பு. மிஸ் என் விரலை எடுத்து அதன்மேல் வைத்தா. "இதுதான் உன்ன கிறுக வைக்கிறது" என்றா.

கிறுகுவது. முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று, பின்னால் ஒருத்தி இடித்துக்கொண்டு நிற்க, பந்தை வலது காலில் வாங்கி, இடது காலை ஊன்றிச் சட்டென்று திரும்புவது. நான் அடித்த கோல்களில் பாதிக்குமேல் அப்படி வந்ததுதான். கால் போனதும் அப்படித்தான். யாரும் தொடக்கூட இல்லை.

இரவு முழுக்க போனில் அவுஸ்திரேலிய ஃபோர்வர்ட் சாம் கெர். அவளுடைய அப்பா கல்கத்தாவில் பிறந்தவர். அவள் வளர்ந்தது மேற்கு அவுஸ்திரேலியாவில். சின்ன வயதில் அந்த நாட்டு முட்டைப் பந்து ஆட்டம், பன்னிரண்டு வயதளவில்தான் உதைபந்துக்கு வந்தாள். 15 வயதில் தேசிய அணி. 2010 ஆசியக் கிண்ண இறுதியில் வட கொரியாவுக்கு எதிராக கோல், அப்போது 16. அவுஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து மூன்று நாட்டு லீக்கிலும் அதிக கோல் அடித்தவள் என்ற விருது. 2022 இல் இந்தியாவில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் இந்தோனேசியாவை 18-0, அதில் அவளுக்கு ஐந்து. காலிறுதியில் தென் கொரியாவிடம் 1-0 தோல்வி, அவள் தவறவிட்ட வாய்ப்புகளைத்தான் எல்லோரும் பேசினார்கள். 2023 உலகக் கிண்ண அரையிறுதியும் அப்படித்தான். இங்கிலாந்துக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்த அந்த கோல்! பிறகு தவறியதையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஃபோர்வர்டின் கணக்கு அப்படி எழுதப்படுவது சரியில்லை. இடத்தைத் திறந்து கொடுத்த ஓட்டங்களை யார் எண்ணுகிறார்கள்?

2024 ஜனவரியில் மொரோக்கோவில் அவளுடைய இங்கிலாந்துக் கழகமான செல்சியின் பயிற்சி முகாமில் அவளுக்கும் ஏ.சி.எல். போனது. இன்னும் இறங்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

நேற்று செல்சி 2-1, மான்செஸ்டர் சிட்டியோடு. கெர் இறங்கவில்லை.

பின்னேரம் கிரவுண்டுக்குப் போனேன். என் இடத்தில் புதுப் பிள்ளை, பதினாறு வயது. பந்து வர முன்னமே ஓடிவிடுகிறாள். கூப்பிட்டு, பின்னால் நிற்பவளின் தோளைக் கையால் உணர்ந்துகொண்டு நில், பிறகு ஓடு என்று சொன்னேன். அடுத்த பந்திலேயே செய்தாள். சந்தோஷம்தான். வரும் வழியில் அழுதேன்.

செப்டம்பர் 15, திங்கள்

இறங்கிவிட்டாள்! நேற்று அஸ்டன் வில்லாவோடு, மாற்று வீராங்கனையாக. இறங்கினது மட்டுமில்லை, கடைசி நிமிடங்களில் கோல். 3-1. இருபது மாதம்.

கிளிப்பை மறுபடி மறுபடி பார்க்கிறேன். எந்தக் காலை ஊன்றுகிறாள், ஊன்றும்போது யோசிக்கிறாளா என்று. யோசித்த மாதிரி இல்லை. அம்மாவுக்கும் காட்டினேன். "இந்தப் புள்ளைக்கும் வெட்டினதா?" என்று கேட்டு, போனை வாங்கி அவவே இன்னொரு தரம் பார்த்தா.

செப்டம்பர் 17, புதன்

திகதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அட்மிட். ரத்தப் பரிசோதனை துண்டு, ஸ்கேன் படம், ஊன்றுகோல் எல்லாம் கொண்டு போக வேண்டும். தொடைப் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து வைத்துத் தைப்பார்களாம். எவ்வளவு காலத்தில் கிறுகலாம் என்று நேரே கேட்கப் போகிறேன்.

அப்பா வெட்டு மெஷின்காரரிடம் இரண்டு நாள் பிந்தி வரச் சொல்லிவிட்டார். அம்மம்மாவிடம் இன்னும் பேசவில்லை.

கொழும்புக்காரரிடம் முழங்கால் விஷயத்தை மறைக்க வேண்டாம் என்று சேரிடம் சொல்லிவிட்டேன். நானே பேசுகிறேன், நம்பரைத் தாருங்கள் என்று மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.