கிணற்றடி

ஓமலூர் பஸ்ஸில் இன்று, நின்றுகொண்டிருந்த, இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் இருக்கும் அம்மாவைப் பார்த்ததும் பக்கத்து சீட் ஆயா மாங்காய்ப் பையை மடிக்கு இழுத்து, “வா கண்ணு, உக்காரு. பேத்திக்குப் பரீட்சை முடிஞ்சுதா?” என்றார்.

அந்த அம்மா 1990-இல் இலங்கையிலிருந்து படகேறி மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர்.

அந்தச் சமயத்தில் அவருக்குப் பெரிசா ஒண்ணும் செய்யலை என்கிறார் ஆயா. தன் கிணற்றில் தண்ணி சேந்திக்கச் சொன்னாராம், களைவெட்டக் கூட்டிப்போய் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்த அதே கூலியை வாங்கிக் கொடுத்தாராம். எனக்கு அது பெரிசுதான். அரசு கூரையும் உதவித்தொகையும் தந்தது, சரி. ஊர்க்காரியாக்கியது இந்தக் கிணற்றடி.

பேத்தி சேலத்தில் பிறந்தவள். 1987 ஜூலைக்கு அப்புறம் இங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லையென்றால் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் சேர்த்த நாடுகளிலும் இலங்கை இல்லை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஓட்டு இல்லை.