வலி குறைந்த பிறகு வரும் ஆபத்து

ஆஸ்பத்திரிச் சீட்டில் 'செயற்கை இடுப்பு மூட்டு முறிவு' என்று இருந்தாலும், பெரும்பாலும் முறிந்திருப்பது மூட்டு அல்ல, அந்த மூட்டைத் தாங்க உள்ளே இறக்கிய உலோகத் தண்டைச் சுற்றியுள்ள தொடை எலும்பு. தண்டு இறுக்கமாக இருந்தால் பிளேட், ஸ்க்ரூ, கம்பி போட்டு எலும்பைச் சேர்ப்பார்கள். தளர்ந்திருந்தால் அதை எடுத்துவிட்டு நீளமான தண்டு இறக்குவார்கள். அபூர்வமாகத் தண்டின் தலையில் உள்ள செராமிக் பந்தே நொறுங்கியிருக்கும். அதற்குப் பதில் உலோகப் பந்து போட்டால், சதையில் மிஞ்சிய செராமிக் துகள் அதை அரம் போல ராவிவிடும்.

புதுச்சேரியில் பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் அதிகம் பயப்பட வேண்டிய காலம், வலி குறையும் மூன்றாவது, நான்காவது வாரம்.

"வலியே இல்லம்மா, வாக்கர ஓரமா வெச்சிட்டேன்."

"வலி போச்சுன்னா எலும்பு கூடிடுச்சுன்னு ஆயிடாது ஆயா."

எலும்பு கூட மூன்று மாதமாவது ஆகும். அதுவரை ஒவ்வொரு அடியிலும் பிளேட் துளி வளைந்து நிமிர்கிறது. ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தும் கம்பி போல, ஒரு நாள் ஸ்க்ரூ துளை அருகே விட்டுப்போகும்.

'20 கிலோ வரை ஊன்றலாம்' என்று டாக்டர் எழுதினால் யாருக்கும் பிடிபடாது. முள் உள்ள எடை மெஷின் ஒன்று, அதே உயரத்துக்குப் பலகை ஒன்று வேண்டும். நல்ல கால் பலகையில், ஆபரேஷன் கால் மெஷினில், இரண்டு கையும் வாக்கரில். முள் 20ஐத் தொடும்வரை மெல்ல அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்த வேண்டும். முதலில் முள் எகிறும். பத்துத் தடவை செய்தபின், முள்ளைப் பார்க்காமல் அழுத்தச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். டிஜிட்டல் மெஷினில் எண் நின்று நின்று மாறுவதால் கால் பழகாது.

பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால், முட்டி இடுப்பைவிட உயரக்கூடாது. தாழ்ந்த திண்ணை, பாய், குந்தும் கழிப்பறை மூன்றும் ஆகாது. தரையிலிருந்து முட்டிமடிப்பு வரை உள்ள உயரத்தோடு 5 செ.மீ. கூட்டினால் நாற்காலி உயரம் கிடைக்கும். கடலூரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வாசல்படி காயவே காயாது. வாக்கர் கால் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்த மாதங்களில் வழுக்கும். உடனே மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. தொடையில் எண்ணெய் தேய்த்து உருவுவது, கட்டுப் போட இழுப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

கெண்டைக்கால் வீக்கம், காயத்தில் கசிவு, காய்ச்சல், கால் திடீரெனக் குட்டையாகித் திரும்பிக்கொள்வது: எதுவானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உட்கார்ந்து எழுந்த முதல் சில அடிகளில் மட்டும் தொடை வலித்து அப்புறம் அடங்கினால், தண்டு தளர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தால் எலும்பு வலுவிழப்புக்கும் (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து தேவைப்படலாம். இதைக் கேட்காமல் வீடு திரும்பாதீர்கள்.

6 வாரம், 3 மாதம், 1 வருட எக்ஸ்ரேக்களில் தண்டின் நுனியும் பிளேட்டின் கீழ்முனையும் தெரிய வேண்டும். இடுப்பை மட்டும் எடுத்த படம் போதாது. தண்டு 3 மி.மீ. இறங்கியிருப்பது புதுப் படத்தில் தனியாகத் தெரியாது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். பண்ருட்டியிலிருந்து வந்து, பழைய படத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாப் படங்களையும், தண்டின் அளவும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கர் தாளையும் ஒரே பையில் போட்டு, அதை வாக்கரிலேயே மாட்டி வையுங்கள்.