கருப்பட்டி நிறம் என்று எழுத முடியாது

புது இனம் என்று அறிவிக்கப்போகிற ஒரு அந்துப்பூச்சியின் முன்னிறகை மூன்று நாளாக எழுத்தில் வர்ணித்துக்கொண்டிருக்கிறேன். இறகின் நீளம் மூன்றரை மில்லிமீட்டர். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் வேலை நகர்கிறது.

பூச்சி வந்த இடம் கடையத்தில் அம்மா வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் நிற்கும் மருத மரம். 2018 கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது தளிர் இலைகளில் வெளிறிய கொப்புளங்களைப் பார்த்தேன். இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால் உள்ளே புழு நிழலாடும். எலுமிச்சைத் தளிரில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளிக் கோடு இழுக்குமே, அந்தப் பூச்சியும் இதுவும் ஒரே குடும்பம்தான். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை போட்டவர்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் புழுக்களின் வாழ்க்கை எனக்கு இன்னும் அலுக்கவில்லை. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில்தான் குடித்தனம். சின்ன வயதில் தலை தட்டை, வாய் கத்தி மாதிரி. செல்களைக் கிழித்துச் சாற்றைக் குடிக்கும். இரண்டு மூன்று முறை தோலுரித்த பிறகு வேறு ஆள் மாதிரி ஆகிவிடும்: உருண்டைத் தலை, மென்று தின்னும் வாய். கூடு கட்டப் போகும் சமயத்தில் உடம்பு சிவந்துவிடும். புளி டப்பாவில் போட்டு வைத்திருந்த இலைகளில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு அம்மா, "ஏல, ரத்தம் குடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். சில நாளில் டப்பா மூடியில் நாலு அந்துப்பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. அம்மாவுக்கு அவை கொசு.

முதல் ஆண் பூச்சியை நான் ஆராயவே இல்லை. மேசையில் விரித்து வைத்துவிட்டு லென்ஸ் எடுக்கப் போனேன். வியர்க்கிறதே என்று அம்மா மின்விசிறியைப் போட்டுவிட்டாள். வெறும் தரையில் முட்டி போட்டு ஒரு மணி நேரம் தேடினேன். அம்மாவும் தேடினாள், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே.

இன்னொரு ஆண் கிடைத்த பிறகுதான், இது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமோ என்ற சந்தேகம் வலுத்தது. இவ்வளவு சின்ன பூச்சிகளில் இறகின் கோலத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்ல முடியாது. வயிற்றுப் பகுதியைத் தனியே கழற்றி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, சதை கரைந்ததும் செதில்களை மெல்லிய தூரிகையால் ஒதுக்கி, இனப்பெருக்க உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சூடானாலும் எல்லாம் கூழாகிவிடும். நம் பூச்சியின் உறுப்புக்குள் முட்கள் இரண்டு வரிசை. நெருங்கிய சொந்தங்களின் படங்களில் ஒரே வரிசை. பூச்சியின் கால் ஒன்றை எடுத்து, இனத்தை அடையாளம் காட்டும் மரபணுத் துண்டான டி.என்.ஏ. பார்கோடு பார்த்தோம். 658 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டும் எதனோடும் ஒட்டவில்லை.

சரி, புதுசு. ஆனால் புதுசு என்று சொல்ல, பழசு அத்தனையையும் படித்திருக்க வேண்டும். பழசு என்றால் பெரும்பாலும் எட்வர்ட் மெய்ரிக். 1854-ல் பிறந்து 1938-ல் இறந்த இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர். பள்ளிக்கூட வேலை பார்த்துக்கொண்டே 14,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தவர். (நான் வினாத்தாள் திருத்தவே நேரமில்லை என்கிறவன்.) கோயம்புத்தூரிலிருந்தும் பீகாரில் உள்ள பூசாவிலிருந்தும் பூச்சியியலாளர் பெயின்பிரிக் பிளெட்சர் அனுப்பிய பூச்சிகளையும் அவர்தான் வர்ணித்தார். படம் அரிது, நாலைந்து வரி எழுத்துதான். உறுப்புகளை அறுத்துப் பார்க்கும் முறையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் அவர் எழுதிய நிறத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாம் நடக்க வேண்டும்.

அவருக்குப் பிடித்த நிறம் 'ஃபஸ்கஸ்'. தவிட்டு நிறமா, எலி நிறமா, புகை படிந்த ஓட்டு நிறமா? அவர் மனதில் என்ன இருந்ததோ. நானும் அதே சொல்லைப் பதினைந்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் லென்ஸைக் கொடுத்து, என்ன நிறம் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கருப்பட்டி." புதுசா பழசா என்றேன். "புதுசு. பழசுன்னா பூத்துப்போயில்லா இருக்கும்." இறகில் குறுக்கே நாலு வெள்ளைப் பட்டைகள் உண்டு. முதல் பட்டை மட்டும் விளிம்பைத் தொடாமல் பாதியில் கலைந்து நிற்கும். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது: வியர்வையில் அழிந்த திருநீறு. என் மூன்று நாள் எழுத்தில் இவ்வளவு துல்லியமாக ஒரு வரி இல்லை. ஆனால் பிரேசிலில் இருந்து படிக்கிறவனுக்குக் கருப்பட்டி தெரியாதே. "பளபளப்பான அடர் பழுப்பு" என்று எழுதியிருக்கிறேன். புதுக் கருப்பட்டிக்கு அது எவ்வளவு மட்டமான பதிலி!

லேபிள் இன்னொரு கூத்து. 2018-ல் பிடித்தவற்றில் மாவட்டம் திருநெல்வேலி. 2022-ல் அதே மரத்தில், அதே கிளையில் பிடித்தவற்றில் தென்காசி. நடுவில் 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்துவிட்டது. பழைய லேபிளைத் திருத்தக் கூடாது, எழுதினது எழுதினதுதான். இரண்டு ஊர்ப் பூச்சிகள் என்று நாளைக்கு யாரும் நினைத்துவிடாதபடி அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேர்த்திருக்கிறேன்.

இனத்தின் பெயரைச் சுமக்கப்போகிற மாதிரிப் பூச்சி ஒன்றே ஒன்று, ஆண். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அதை அரசு அங்கீகரித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். பெயரை இங்கே சொல்ல மாட்டேன். விவரணை அச்சேறாமல் பெயர் மட்டும் உலவினால் விதிப்படி அதற்கு மதிப்பில்லை. சித்தி தன் பெயரை வைக்கச் சொல்கிறாள். அம்மா கேட்கவில்லை. "கொசுவுக்கு எம்பேரா?" என்று முந்திக்கொண்டாள்.

இப்போது இடிக்கிற இடம் ஒன்றுதான். பெண் பூச்சி ஒன்றே இருக்கிறது, அதற்கும் வலது இறகு கிழிசல். மருதம் மறுபடி தளிர்த்துவிட்டதாக நேற்று அம்மா போனில் சொன்னாள். இலையைப் பறித்து டப்பாவில் போட்டாயிற்றாம். மின்விசிறியையும் அணைத்து வைத்திருக்கிறாளாம்.