முழங்கால் சிரட்டைக்குக் கீழே ஒரு விரலளவு நோ

மகனுக்கு 15 வயது. பாடசாலைக் கூடைப்பந்து அணியில் சேர்ந்த வருடம்தான் ஆளும் மளமளவென்று வளர்ந்தான், முழங்கால் நோவும் தொடங்கியது. விளையாடும்போது தெரியாதாம், உடம்பு ஆறினதும் வருமாம். ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போனோம். என்னை முந்திக்கொண்டு படியேறியவன், இறங்கும்போது பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்தான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

பயிற்சி கொடுத்தவர், "வளர்ற வயசில வாறதுதான், ஓட ஓடச் சரியாகிடும்" என்றார். அம்மம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டா. நான் இரண்டு மாதம் விளையாட்டையே நிறுத்தினேன். நோ போய்விட்டது. சரி என்று திரும்ப அனுப்பினால், மூன்றாம் நாளே அதே இடத்தில் அதே நோ.

அப்புறம்தான் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மிஸ் அவனுடைய சிரட்டையின் கீழ்முனையை ஒற்றை விரலால் அழுத்தினா. பிள்ளை துடித்துப்போனான். அதற்கும் கீழே, முன்னெலும்பு புடைத்திருக்கும் இடத்தில் அழுத்தியபோது ஒன்றுமில்லை. அங்கே நொந்திருந்தால் அது வளரும் எலும்பில் வருகிற ஒஸ்குட் ஸ்லாட்டர் என்ற நோயாக இருக்கலாமாம். இவனுக்கு, சிரட்டையை முன்னெலும்போடு இணைக்கும் தசைநாணில்தான் பிரச்சினை. ஓயாமல் குதித்துக் குதித்து அது நொந்துபோயிருக்கிறது.

"ஓய்வெடுத்தா நோ அடங்கும் அம்மா, ஆனா நாண் பலப்படாது. கொஞ்சம் கொஞ்சமாப் பாரம் பழக்க வேணும்" என்றா. என் இரண்டு மாதம் ஏன் வீணானது என்று அப்போதுதான் விளங்கியது.

சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல் 45 செக்கன் அசையாமல் நிற்க வேண்டும். 5 தரம், இடையில் 2 நிமிட ஓய்வு. நாலாவது தரம் தொடை நடுங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். சில வாரம் போக, புத்தகப் பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுத் தோளில் மாட்டி, மெதுவாகக் குந்தி எழும்பினான். குதிப்பது கடைசியில்தான். 10க்கு 3 வரை நொந்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் பாரத்தைக் குறைக்க வேண்டும். முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, இரவில் நோ எழுப்பினாலோ உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னா.

குசினிக் கலண்டரில் தினமும் காலையில் 10க்கு எவ்வளவு நோ என்று அந்த எண்ணை எழுதினேன். 6, 5, திரும்ப 6, பிறகு 4. ஐந்து மாதம் போனது. முதல் ஆட்டத்தில் பாதி நேரம்தான் இறங்கினான். மறுநாள் தேத்தண்ணியோடு போய் எழுப்பினேன். நான் கேட்க முந்தியே, "ஒண்டு, அம்மா" என்றான்.