‘மற்றவை’யில் சேர்ந்த கடிதங்கள்

பிரித்தானியாவில் உள்ள ஒரு விற்பனைத் தொலைக்காட்சியின் நேயர்களுக்குக் கொழும்பில் இருந்தபடி பதில் எழுதுவது பல ஆண்டுகளாக என் உத்தியோகம். நாள் முழுவதும் பொருள் விற்பதைத் தவிர வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லாத அலைவரிசை அது. அதன் வாடிக்கையாளர் சேவையில் ஒரு பகுதியை எங்கள் நிறுவனம் ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கிறது. தொலைபேசி அழைப்புகளை அந்த நாட்டிலேயே கவனித்துக்கொள்கிறார்கள். மின்னஞ்சல்கள் கொள்ளுப்பிட்டியில் எங்கள் மாடிக்கு வருகின்றன. அவர்களுடைய நள்ளிரவு குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை ஐந்தரை மணி, கோடையில் நாலரை. அன்றைய சிறப்பு விலைப் பொருளை நள்ளிரவில் அறிமுகப்படுத்துவது இத்தகைய அலைவரிசைகளின் வழக்கம் என்பதால், காலி வீதியில் முதல் பஸ்கள் ஓடத் தொடங்கும் வேளையில்தான் எங்களுக்கு வேலை நெருக்கும். மூலையில் ஒரு திரையில் ஒளிபரப்பு ஓடிக்கொண்டே இருக்கும். எதைப் பற்றிய கேள்வி வரப்போகிறது என்பதை அதைப் பார்த்தே அறிந்துகொள்வோம்.

வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் ஏதாவது ஒரு வகைக்குள் போட்ட பிறகுதான் கணினி அடுத்த கடிதத்தைத் திறக்கும். பொதி தாமதம், பழுது, பணம் திரும்பவில்லை, அட்டைக் கட்டணத்தில் பிழை, இணையத்தளக் கோளாறு என்று நீளும் அந்தப் பட்டியலின் கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று இருக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் அதில் விழுந்தவை பெரும்பாலும் அன்பு மடல்கள். காலை அறிவிப்பாளரின் மகளுக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டதா என்று கேட்பார்கள். மாலை அறிவிப்பாளர் போட்டிருந்த மேற்சட்டை விற்பனைக்கு வருமா என்று விசாரிப்பார்கள். மனைவி இறந்த பிறகு வீட்டில் கேட்கும் ஒரே மனிதக் குரல் உங்களுடையதுதான் என்று எழுதியவரும் உண்டு. எங்கள் அணியில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் அக்கா அத்தகைய கடிதங்களுக்கென்றே தனியாகச் சில பதில்களை எழுதி வைத்திருந்தார், ஏனென்றால் நிறுவனம் தந்த ஆயத்தப் பதில் வார்ப்புகளில் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

பிறகு அதே வகைக்குள் வேறு விதமான கடிதங்கள் சேரத் தொடங்கின. அவற்றில் பொதி தாமதமில்லை, பழுதில்லை, பணம் திரும்பக் கேட்கவுமில்லை. முன்பெல்லாம் தேநீரோடு உட்கார்ந்து பார்ப்பேன், இப்போது ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுகிறேன் என்பதுதான் அவற்றின் சாரம். காரணங்களை வரிசையாக எழுதுவார்கள். நேற்று ஒரு களிம்பைத் தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்தது என்று சொன்ன அதே அறிவிப்பாளர் இன்று வேறொரு களிம்புக்கும் அதையே சொல்கிறார். எந்தப் பொருளை எடுத்தாலும் எல்லா நிறங்களிலும் தன்னிடம் உண்டு என்கிறார். அவ்வளவையும் எந்த வீட்டில் வைத்திருக்கிறார் என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரத்தில் தன் விடுமுறையையும் சமையலறைத் திருத்த வேலையையும் பற்றிப் பேசுகிறார். இனிக் கிடைக்கவே கிடைக்காது என்று அவசரப்படுத்தி விற்ற கைப்பை அடுத்த மாதமே அதே விலையில் திரும்பவும் வருகிறது. இப்படி எழுதுபவர்களை முறைப்பாட்டுக்காரர்கள் என்று எங்கள் புதிய பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். என் கருத்து வேறு. விருப்பமில்லாதவர் அலைவரிசையை மாற்றிவிட்டுப் போய்விடுவார். இரண்டு பக்கம் எழுதுகிறவருக்கு அந்த முகங்களோடு உறவு இன்னும் அறவில்லை.

இந்தத் தொழில் தொடங்கிய விதத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சலிப்பு புதிராக இராது. 1977இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளியர்வோட்டர் நகரிலிருந்த ஒரு சிறு வானொலி நிலையத்துக்கு விளம்பரக் கட்டணத்தைக் கொடுக்க முடியாத ஒருவர், பணத்துக்குப் பதிலாக 112 தகரத் திறப்பான்களைக் கொடுத்தார். நிலைய உரிமையாளர் லோவல் பக்சன் தன் அறிவிப்பாளர் பொப் சேர்கொஸ்டாவிடம் அவற்றை ஒலிபரப்பிலேயே விற்கச் சொன்னார்; ஒன்று 9.95 டொலர் வீதம் எல்லாமே விற்றுப் போயின. அதிலிருந்து முளைத்ததுதான் 1982இல் அதே பகுதியின் கேபிள் தொலைக்காட்சியிலும் 1985இல் அமெரிக்கா முழுவதிலும் ஒளிபரப்பான ‘ஹோம் ஷொப்பிங் நெட்வேர்க்’. அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவில் ஜோசப் சீகல் கியூவிசி நிறுவனத்தைத் தொடங்கினார். 1993இல் அது பிரித்தானியாவுக்கும் வந்தது. கியூவிசியின் கதைகளில் எனக்குப் பிடித்தது ஜோய் மங்கானோவுடையது. கையால் தொடாமல் பிழியக்கூடிய தரை துடைப்பான் ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார். திரையில் வேறொருவர் காட்டியபோது அது சரியாக விற்கவில்லை. 1992இல் அவரே வந்து நின்று துடைத்துக் காட்டியபோது அரை மணி நேரத்துக்குள் 18,000க்கும் மேற்பட்டவை விற்றன. பொருள் மாறவில்லை, விலையும் பெரிய காரணமில்லை. அதைக் கையாண்டு பழகிய ஒருவர் தெரிந்ததைச் சொன்னார், கேட்டவர்கள் நம்பினார்கள்.

இப்போதைய நிலைமையை விளக்கக் கேட்டால் தொழிலில் இருப்பவர்கள் பெருங்காரணங்களையே சொல்வார்கள். கேபிள் இணைப்பைத் துண்டிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், கையில் தொலைபேசி இருப்பதால் அறிவிப்பாளர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் இணையத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறார்கள், பழைய வாடிக்கையாளர்கள் மூப்படைந்துவிட்டார்கள். இவை எல்லாமே உண்மைதான். விலை இறங்கிக்கொண்டே போகும் ஏலத்தை வைத்துப் பிழைத்த இரண்டு பிரித்தானிய அலைவரிசைகள் 2014 ஏப்ரலில் மூடப்பட்டன. பீற்றர்பரோவிலிருந்து ஒளிபரப்பான ‘ஐடியல் வேர்ல்ட்’ 2023 ஜூலையில் நொடித்துப்போய் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அமெரிக்காவின் இரண்டு பெரும் போட்டியாளர்களான கியூவிசியும் ஹோம் ஷொப்பிங் நெட்வேர்க்கும் 2017இல் ஒரே குடைக்குள் வந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டிருந்தவர்களால் விற்பனை கொஞ்சம் தூக்கியது. 2021 டிசம்பரில் வட கரோலினாவின் ரொக்கி மவுண்டில் இருந்த கியூவிசியின் மிகப் பெரிய களஞ்சியம் ஒன்று எரிந்து போனது. அதற்குப் பின் ஆட்குறைப்புகள்தான் செய்தியாக வந்தன. 2025இல் அந்தக் குழுமம் தன் பெயரையும் மாற்றிக்கொண்டு, ரிக்ரொக்கில் இருபத்து நான்கு மணி நேர நேரலை விற்பனைக்கு இறங்கியது.

ஆனால் நான் வாசித்த கடிதங்களில் கேபிள் கட்டணத்தைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. அவர்கள் எழுதியது மனிதர்களைப் பற்றி. அறிவிப்பாளரின் காதுக்குள் தயாரிப்பாளர் பேசிக்கொண்டே இருக்கிறார் என்பதும், நிமிடத்துக்கு எவ்வளவு விற்பனையாகிறது என்பதைக் காட்டும் திரை ஒன்று கலையகத்துக்குள் இருக்கிறது என்பதும் இந்தத் தொழிலில் ஒளிவுமறைவான செய்திகள் அல்ல. எந்தச் சொல்லைச் சொன்னபோது எண்ணிக்கை ஏறியதோ அந்தச் சொல்லை மறுபடி சொல்லச் சொல்வார்கள். அப்படியே ஆண்டுக்கணக்கில் வடிகட்டினால் கடைசியில் எஞ்சுவது வியப்புச் சொற்கள் மட்டுமே. “இதன் பிடி சின்னது, பெரிய கையுள்ளவர்களுக்குச் சரிவராது” என்ற வாக்கியம் எண்ணிக்கையை இறக்கும். ஆகவே அது மறைந்துபோகிறது. அந்த வாக்கியத்தைக் கேட்டவர் அன்று வாங்காமல் விட்டாலும், மறுநாள் அதே வாய் ஒன்றைப் புகழும்போது நம்பி வாங்குவார் என்பதைக் கலையகத் திரையால் காட்ட முடியாது. நிமிடத்துக்கு நிமிடம் அளக்கிற கருவிக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிற இழப்பு தெரிவதில்லை. எங்கள் கணினியின் வகைப் பட்டியலும் அப்படித்தான்: மாதாந்த அறிக்கையில் பொதி தாமதம் குறைந்தது என்று பச்சைக் கோடு போட்டுக் காட்டுவோம், ‘மற்றவை’ பெருத்துக்கொண்டே போனதை யாரும் கேட்டதில்லை.

அறிவிப்பாளரிடம் மனம் வைப்பது என்றால் என்னவென்று கொழும்புக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் வாசித்த விளம்பரங்களைப் பாட்டுக்கு நிகராக மனப்பாடம் செய்து சொல்லிக் காட்டுகிறவர்களை எங்கள் உறவுக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். சவர்க்காரத்தையும் தேயிலையையும் விற்ற குரல்கள்தான் அவை. ஆனாலும் விற்பனை முடிந்ததும் அவர்கள் பாட்டுக்கோ நேயர் கடிதத்துக்கோ திரும்பிவிடுவார்கள். புகழ்ச்சிக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் புகழ வேண்டிய கட்டாயத்தில் அவர்களை வைத்திருந்தால் எவ்வளவு காலம் தாங்கியிருப்பார்கள் என்று சில இரவுகளில் யோசித்திருக்கிறேன்.

என் தாயார் கொட்டாஞ்சேனை வீட்டில் இந்தியத் தமிழ் அலைவரிசைகளின் பகல் நேர விற்பனை நிகழ்ச்சிகளை விடாமல் பார்த்த காலம் ஒன்று இருந்தது. இந்தியில் எடுத்ததைத் தமிழில் குரல் மாற்றிப் போடுவார்கள். வாய் ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் போகும். கண்ணேறு நீக்கும் தாயத்து, முழங்கால் வலி எண்ணெய், காய்கறி நறுக்கும் கருவி என்று வரும் எதையும் அவர் வாங்க முடியாது, ஏனென்றால் திரையில் ஓடியது இந்தியத் தொலைபேசி இலக்கம். வாங்கும் வழியே இல்லாதவர் இவ்வளவு ஈடுபாட்டோடு பார்க்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருக்கும். பிறகு ஒருநாள் முழங்கால் வலி எண்ணெய்க்கு நன்றி சொன்ன அதே பெண் நீரிழிவுப் பொடிக்கும் நன்றி சொன்னதைக் கவனித்துவிட்டார். “இவவுக்கு எத்தினை வருத்தம் பிள்ளை?” என்று கேட்டு அலைவரிசையை மாற்றியவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. யோக்‌ஷயரிலிருந்து வரும் கடிதங்களில் நான் வாசிப்பது அதே கேள்வியின் ஆங்கில வடிவத்தைத்தான்.

ஆனால் விற்பனையைப் பார்ப்பதில் நம்மவர்களுக்கு ஆர்வம் வற்றிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் பூட்டப்பட்ட பிறகு வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் சேலை விற்றவர்கள் பேஸ்புக் நேரலைக்கு வந்தார்கள். கடைகள் திறந்த பின்னும் அந்த நேரலைகள் நிற்கவில்லை. என் மனைவியின் சித்தி இரவுச் சமையலை முடித்துவிட்டு ஒரு குறிப்பிட்ட பெண்ணின் நேரலையை மட்டும் பார்ப்பார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒளி சரியில்லை, பின்னால் பிள்ளை அழுகிறது, சேலையைப் பிடித்துக் காட்டும் தங்கச்சிக்குக் கை வலிக்கிறது. “அன்ரி, இந்தச் சிவப்புக் கொஞ்சம் சாயம் விடும், முதல் ரெண்டு தரம் தனியத் தோயுங்கோ” என்கிறாள் அந்தப் பெண். யாரோ கேட்கிறார்கள், முந்தானையைத் திருப்பிப் பிடிக்கிறாள். பின்பக்கத்து நூல் தொங்குவது தெரிகிறது. தெரிந்தாலும் மூன்று பேர் தங்கள் பெயரைப் பதிந்துவிடுகிறார்கள்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது திருப்பிக் கொடுக்கும் உரிமை. பிரித்தானியாவில் இப்படித் தொலைவிலிருந்து வாங்கும் பொருளை 14 நாட்களுக்குள் வேண்டாமென்று சொல்லச் சட்டமே இடம் தருகிறது. சில அலைவரிசைகள் தாமாகவே 30 நாட்கள் தருகின்றன. அங்கே அறிவிப்பாளரை நம்பாவிட்டாலும் பணத்துக்கு மோசமில்லை. வெள்ளவத்தைச் சேலை நேரலையில் பெரும்பாலும் வெட்டிய சேலையைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பொதி வீட்டுக்கு வரும்போது காசைக் கொடுத்தால் அதோடு கணக்கு முடிந்தது. அங்கே சட்டம் தாங்குகிற பாரத்தை இங்கே விற்பவரின் வாய்ச்சொல் தனியாகத் தாங்குகிறது. ஒருவேளை அதனால்தான் அந்தப் பெண் சாயத்தைப் பற்றி முந்திக்கொண்டு சொல்கிறாள்; அவளுக்குப் பொய் சொல்லும் வசதி குறைவு. அவளும் பெரிதாகி, ஆள் வைத்து விற்கும் நிலைக்கு வந்தால் என்ன ஆகும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஏற்கனவே சில பெரிய நேரலைகளில் “கடைசி ரெண்டு பீஸ்தான்” என்ற அறிவிப்பு ஒரே இரவில் பலமுறை கேட்கிறது. சித்தி அவற்றைப் பார்ப்பதில்லை.

எங்கள் பிரித்தானிய அலைவரிசையும் இப்போது கைத்தொலைபேசி நேரலைக்கு வந்துவிட்டது. அறிவிப்பாளர்கள் பழைய ஆட்களே. நிற்பது அதே கலையகம், திரையை மட்டும் செங்குத்தாக்கியிருக்கிறார்கள். நேயர்கள் எழுதும் கருத்துகளை உடனுக்குடன் பார்க்கும் பொறுப்பு எங்கள் அணிக்கு வந்தபோது மட்டக்களப்பு அக்கா உண்மையிலேயே மகிழ்ந்தார். கேள்வி நேராக அறிவிப்பாளரிடம் போகும், அவர் பொருளைத் திருப்பிக் காட்டுவார் என்று நினைத்தார். முதல் இரவிலேயே ஒருவர் ஒரு மழைச் சட்டையின் உள்தையலைக் காட்டும்படி எழுதினார். அதை நாங்கள் மேலிடத்துக்கு அனுப்ப, அங்கிருந்து தயாரிப்பாளருக்குப் போய், பதில் திரும்பி வருவதற்குள் திரையில் காதணி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே அத்தகைய கேள்விகளுக்கென்று ஒரு வார்ப்பு வந்தது: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, முழு விவரங்களை எங்கள் இணையத்தளத்தில் பார்க்கலாம். அதை அனுப்பிய பிறகு ஒரு வகையைத் தெரிவு செய்ய வேண்டும். நேரலைக்கென்று தந்த புதிய பட்டியலிலும் பொதி தாமதம் முதலாவதாக இருக்கிறது, ‘மற்றவை’ கடைசியில் இருக்கிறது.